வீட்டுக்குள் கத்தரி, மிளகாய், தக்காளிக் கன்றுகள்: குறைந்த செலவில் வளர்ப்பது பற்றிய கேள்விகளும் பதில்களும்

ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மே மாதத்தின் நடுப்பகுதி வரை உறைபனி விழக்கூடும். செப்டெம்பர் கடைசியில் இரவுகள் மீண்டும் குளிர்ந்துவிடுகின்றன. இடைப்பட்ட நான்கு மாதங்கள், நிலத்தில் நேரே விதைத்த கத்தரியோ மிளகாயோ முளைத்து, வளர்ந்து, நிறையக் காய்ப்பதற்குப் போதுவதில்லை. ஆகவே மார்ச் மாதத்திலேயே வீட்டுக்குள் கன்றுகளை உருவாக்கிக்கொள்வதுதான் இங்கு வழி. இதைப் பற்றி உறவுகள் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்றவரை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஸ்காபரோ): வணக்கம் ஐயா. இந்த ஆண்டுதான் முதன்முறையாகத் தொடங்குகிறேன். அறுபது டொலருக்கு மேல் செலவழிக்க இயலாது. எதை வாங்குவது, எதை விடுவது?

பதில்: அறுபது டொலர் தாராளமாகப் போதும். அதில் பெரும்பகுதியை வெளிச்சத்துக்கு ஒதுக்குங்கள். வன்பொருள் கடைகளில், கார்க் கொட்டகைகளில் தொங்கவிடுவதற்காக விற்கப்படும் நான்கடி நீளமான எல்.ஈ.டி. விளக்கொன்று ஏறத்தாழ முப்பது டொலருக்குக் கிடைக்கும். பெட்டியில் 5000 அல்லது 6500 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அளவு) என்று எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். மஞ்சள் சாயலுள்ள விளக்கை வாங்க வேண்டாம். செடி வளர்ப்பதற்கென்றே செய்யப்பட்டது என்று சொல்லி ஊதா நிறத்தில் ஒளிரும் விளக்குகளை அதிக விலைக்கு விற்கிறார்கள். நடுகைக்கு முந்திய எட்டு வாரங்களுக்கு அவை அவசியமே இல்லை. வெள்ளை ஒளியில் செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் இருக்கின்றன. இலையின் நிறம் மாறுவதையும் பூச்சி வருவதையும் நம் கண்ணால் தெளிவாகக் காணவும் முடிகிறது. அடுத்ததாக, விளக்கைத் தானாக ஏற்றி அணைக்கும் நேரமானி ஒன்று பத்து டொலர் அளவில் கிடைக்கும். மிச்சமுள்ள பணத்தில், விதை முளைக்க வைப்பதற்கென்று விற்கும் நாற்றுக்கலவை ஒரு பையும் விதைகளும் வாங்கலாம். தட்டு, சாடி, மூடி ஆகிய எதற்கும் நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை; வீட்டில் மிஞ்சும் பெட்டிகளும் பைகளுமே போதும்.

கேள்வி (மார்க்கம்): எங்கள் வீட்டில் தெற்கு நோக்கிய பெரிய யன்னல் இருக்கிறது. நாள் முழுவதும் வெயில் விழுகிறது. விளக்கு இல்லாமல் சமாளிக்க முடியாதா?

பதில்: யன்னலை நம்பி வளர்த்த கன்றுகள்தான் பெரும்பாலும் நூல்போல நீண்டு சாய்கின்றன. யாழ்ப்பாணத்தில் மார்ச் 20 அளவில் நண்பகற் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல், 80 பாகை உயரத்தில் நிற்கும். அதே நாளில் ரொறன்ரோவில் அது 46 பாகை உயரத்தைத் தாண்டுவதில்லை. அந்தச் சரிந்த வெயிலும் முகிலில்லாத நாட்களில்தான் கிடைக்கிறது. இரட்டைக் கண்ணாடி அதில் மேலும் ஒரு பங்கைத் தடுக்கிறது. இரவில் அதே கண்ணாடியின் ஓரம் குளிர்ந்துவிடுகிறது. நம் கண் அந்த இடத்தை வெளிச்சமானது என்று நினைத்தாலும் கத்தரிக் கன்றுக்கு அது நிழல்தான். விளக்கு வாங்கவே வழியில்லை என்றால் மிளகாயையும் கத்தரியையும் விட்டுவிட்டு, ஏப்ரல் நடுப்பகுதியில் தக்காளியை மட்டும் யன்னலோரத்தில் விதையுங்கள். அப்போது பகல் நீண்டிருக்கும்; தண்டு சற்று நீண்டாலும் நடும்போது ஆழமாகப் புதைத்துச் சரிசெய்துவிடலாம்.

கேள்வி (பிரம்டன்): நாளொன்றுக்கு பதினாறு மணித்தியாலம் விளக்கு எரிந்தால் மின்கட்டணம் ஏறாதா?

பதில்: 40 வாட் விளக்கு பதினாறு மணித்தியாலம் எரிந்தால் 0.64 அலகு. அறுபது நாட்களுக்கு 38.4 அலகு. ஓர் அலகு 15 சதம் என்று கூட்டிக் கணக்கிட்டாலும் முழுப் பருவத்துக்கும் ஆறு டொலருக்குள் அடங்கிவிடும். நேரத்துக்கு ஏற்ப மாறும் கட்டணத்தில் இருப்பவர்கள், வார நாட்களில் இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணி வரை விலை குறைந்த நேரம் என்பதை அறிவீர்கள். விளக்கை மாலை 5 மணிக்கு ஏற்றிக் காலை 9 மணிக்கு அணையும்படி நேரமானியை வைத்தால் இன்னும் மிச்சம். எட்டு மணித்தியால இருட்டு கன்றுக்குப் பகலில் கிடைத்தாலும் இரவில் கிடைத்தாலும் ஒன்றுதான்.

கேள்வி (ஏஜாக்ஸ்): பின்வளவு மண்ணை எடுத்துக் கூட்டெரு கலந்து விதைத்தால் என்ன? ஊரில் அப்படித்தானே நாற்றுமேடை போட்டோம்?

பதில்: ஊரில் மேடை திறந்த வெளியில் இருந்தது, காற்றும் வெயிலும் மேல்மண்ணை விரைவில் உலர்த்தின, மேலதிக நீர் கீழ்நோக்கி இறங்கிச் செல்ல ஆழமான நிலம் இருந்தது. இரண்டங்குல ஆழமுள்ள ஒரு சாடிக்குள் அடைத்த வளவு மண்ணுக்கு இவை எதுவும் இல்லை. நீர் ஊற்ற ஊற்ற அது இறுகுகிறது, வேருக்கு வேண்டிய காற்று வெளியேறுகிறது, மண்ணோடு வந்த பூஞ்சணங்கள் அறையின் வெதுவெதுப்பில் பெருகுகின்றன. ஆதலால் நாற்றுக்கலவையே வாங்குங்கள். இதைவிட மலிவானது கொக்கோபீற் என்ற பெயரில் கட்டியாக அழுத்தி விற்கப்படும் தும்புச்சோறு. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் நம் தேங்காய் மட்டையிலிருந்து பிரித்தெடுத்து இங்கே வருகிற பொருள் அது. வெந்நீரில் ஊறவைத்து, உப்பு நீங்க இரண்டு முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள். அதில் ஊட்டம் எதுவும் கிடையாது என்பதால் பசளையைச் சற்று முன்னதாகத் தொடங்க நேரிடும். கூட்டெருவைக் கன்று பெரிய சாடிக்கு மாறும்போது கலந்தால் போதும்.

கேள்வி (ஸ்காபரோ): மிளகாய் விதைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நிலக்கீழறையில் வைத்திருக்கிறேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பழுதா?

பதில்: பெரும்பாலும் விதை பழுதாக இராது, இடம்தான் குளிராக இருக்கிறது. மிளகாய்க்கும் கத்தரிக்கும் முளைவிட 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும், அதுவும் காற்றில் அல்ல, விதை கிடக்கும் கலவையில். நிலக்கீழறையில் தட்டின் வெப்பம் 17, 18 பாகைதான் இருக்கும். ஈரமான கலவை காற்றைவிடவும் குளிர்ந்திருக்கும். தட்டைச் சமையலறையின் உயரமான தட்டொன்றுக்கோ சுடுநீர்த் தாங்கி உள்ள சிற்றறைக்கோ மாற்றுங்கள். முளை வரும்வரை வெளிச்சம் தேவையில்லை. கேக் வாங்கிய ஒளிபுகும் பெட்டியால் மூடி வைத்தால் ஈரம் தங்கும். இன்னும் பத்து நாள் பொறுங்கள். முதல் முளை தலைகாட்டிய அன்றே மூடியை அகற்றி விளக்கின் கீழ் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நீண்டுவிடும்.

கேள்வி (மிசிசாகா): தக்காளி நான்கே நாளில் முளைத்து, ஒரு வாரத்தில் ஐந்தங்குலம் வளர்ந்து, இப்போது படுத்துவிட்டது. விளக்கும் போட்டிருக்கிறேன்.

பதில்: விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அறையின் கூரையில் அல்லது இரண்டடி மேலே தொங்கினால் அது கன்றுக்குப் பயன்படாது. நுனி இலையிலிருந்து அரையடிக்குள் கொண்டுவாருங்கள். சங்கிலியில் தொங்கவிட்டால் கன்று வளர வளர உயர்த்திக்கொள்ளலாம். இரண்டாவது காரணம் வெப்பம். முளைவிட வேண்டிய வெப்பம் வேறு, வளர வேண்டிய வெப்பம் வேறு: முளைத்த பின் பகலில் 20 முதல் 22 பாகையும் இரவில் 16 முதல் 18 பாகையும் போதும். இப்போதுதான் நிலக்கீழறை நல்ல இடமாகிறது. நாளுக்கு இரண்டு முறை உள்ளங்கையால் நுனிகளை மெல்ல வருடிவிடுங்கள், அல்லது சிறிய மின்விசிறியைத் தூரத்தில் வைத்து இலைகள் இலேசாக அசையும்படி ஓடவிடுங்கள். அந்த அசைவுக்குத் தண்டு தடித்து வளரும். படுத்த தக்காளியை வீச வேண்டாம். ஆழமான சாடியில் வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இலைச்சோடி) வரை புதைத்து நடுங்கள், புதைந்த தண்டிலிருந்து வேர் விடும். கத்தரி, மிளகாய்க் கன்றுகளை இந்த அளவுக்குப் புதைக்கக் கூடாது.

கேள்வி (மொன்றியல்): நன்றாக நின்ற கன்றுகள் ஒரே இரவில் அடித்தண்டு சுருங்கி விழுகின்றன. இன்று நாலு, நாளை பத்து என்று போகிறது. கறுவாத் தூள் தூவச் சொல்கிறார்கள். தூவலாமா அண்ணா?

பதில்: இது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசொக்டோனியா போன்ற மண்ணில் வாழும் நோய்க்கிருமிகள் மண்மட்டத்தில் தண்டைத் தாக்குவதால் அந்த இடம் நூலாக மெலிந்து கன்று சரிகிறது. விழுந்ததைக் காப்பாற்ற வழி கிடையாது. கறுவாத் தூளை நம்பி நீங்கள் இரண்டு நாளைக் கழித்தால் மிஞ்சியவையும் போய்விடும். இன்றே செய்ய வேண்டியது, விழுந்த கன்றுகளைச் சுற்றியுள்ள கலவையோடு சேர்த்து அகற்றி வீட்டுக்கு வெளியே போடுவது, மூடியைக் கழற்றுவது, மின்விசிறியை ஓடவிடுவது, மேற்பரப்பு வெளுத்து உலரும்வரை நீரை நிறுத்துவது ஆகியவைதான்.

இந்த நோய்க்கு வழிவிடுவது ஏறத்தாழ எப்போதும் நம் அன்பே. காலையிலும் மாலையிலும் தெளிப்பானோடு வந்து நிற்கிறோம். மேற்பரப்பு ஒருபோதும் உலர்வதில்லை. நீர் விடுவதற்குக் கடிகாரத்தைப் பார்க்காமல் சாடியைத் தூக்கிப் பாருங்கள். முழுக்க நனைந்த சாடி எவ்வளவு கனம் என்பதை ஒருமுறை கைக்குப் பழக்கிவிட்டால், அது இலேசாகும் நாளைக் கையே சொல்லிவிடும். நீரை மேலிருந்து ஊற்றாமல், சாடிகளை ஒரு தட்டில் அடுக்கித் தட்டில் நீர் விட்டு, அரை மணித்தியாலத்தில் எஞ்சிய நீரைக் கொட்டிவிடுங்கள். மார்ச் மாதத்தில் குழாய் நீர் மிகக் குளிர்ந்து வரும். முதல் நாளே வாளியில் பிடித்து வைத்து அறை வெப்பத்துக்கு வந்தபின் பயன்படுத்துவது நல்லது. உப்புப் போட்டு மென்மையாக்கிய நீர் வரும் வீடுகளில், நீரை மென்மையாக்கும் கருவிக்கு முன்பாகவே பிரியும் குழாயிலிருந்து எடுங்கள். கடந்த ஆண்டுச் சாடிகளை, ஒரு பங்கு வெளுக்கும் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் என்ற கணக்கில் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, பின் கழுவிய பிறகே மீண்டும் விதையுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ): சின்னக் கறுப்பு ஈக்கள் சாடிகளைச் சுற்றிப் பறக்கின்றன.

பதில்: இவையும் ஈரத்தைத் தேடி வந்தவையே. ஈ தீங்கு செய்யாது, அதன் புழு இளவேரைத் தின்னும். மேலங்குலத்தை உலரவிட்டு, மஞ்சள் ஒட்டும் அட்டையைச் சாடிகளுக்கிடையே நிறுத்தி வையுங்கள்.

கேள்வி (பிக்கரிங்): மூன்று வாரக் கன்று, கீழிலை வெளிறுகிறது, தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கிறது. பசளை போடலாமா?

பதில்: வித்திலைகளுக்குப் பின் வரும் உண்மையிலைகள் இரண்டு வந்திருந்தால் போடலாம். நீரில் கரையும் பசளையைப் பெட்டியில் சொன்ன அளவில் கால்பங்காகக் குறைத்து வாரம் ஒருமுறை கொடுங்கள். முழு அளவு கொடுத்தால் இலையோரம் கருகும். ஊதா நிறத்துக்குப் பெரும்பாலும் வேர்ப்பகுதியின் குளிரே காரணம். குளிர்ந்த வேரால் பொசுபரசை எடுக்க முடிவதில்லை. சாடிகளைச் சீமெந்துத் தரையிலிருந்து தூக்கி ஒரு பலகையில் வையுங்கள்.

கேள்வி (மார்க்கம்): ஊருக்குப் போனபோது அம்மா கொடுத்த கத்தரி விதை ஐந்து ஆண்டாக அலுமாரியில் இருக்கிறது. முளைக்குமா? இம்முறை போகும்போது மிளகாய் விதையும் கொண்டுவரலாமா?

பதில்: கத்தரி, தக்காளி விதைகள் உலர்ந்து குளிர்ந்த இடத்தில் நான்கைந்து ஆண்டுகள் உயிரோடிருக்கும். மிளகாய்க்கும் வெண்டிக்கும் இரண்டு ஆண்டுக்கு மேல் உறுதி சொல்ல முடியாது. பத்து விதையை எண்ணி ஈரமான காகிதத் துவாயில் சுற்றி, பிளாத்திக்குப் பையில் இட்டு வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். நான்கு முளைத்தால் இரட்டிப்பாக விதைத்துக்கொள்ளலாம். முளைத்தவற்றில் ஒன்றிரண்டு செடிகளை விதைக்கென்றே விட்டு, காய் மஞ்சளாகப் பழுத்தபின் புது விதை எடுத்துவிடுங்கள் அம்மா. அந்த இனம் உங்கள் வீட்டிலேயே தொடரட்டும்.

கொண்டுவருவது பற்றி: விதையும் கனடிய உணவுப் பரிசோதனை முகமையின் இறக்குமதி விதிகளுக்கு உட்பட்டது. பயணத்துக்கு முன் விதிகளைப் பார்த்து, தேவையான சான்றிதழைப் பெற்று, விமான நிலையத்தில் அறிவித்தே கொண்டுவர வேண்டும். தக்காளி, மிளகாய் விதைகளோடு பரவும் வைரசு நோய்கள் உண்மையானவை. இங்கே பசுமைக்குடில்களில் பிழைப்பு நடத்துவோரும் இருக்கிறார்கள். நம் வகைகள் பல ஸ்காபரோத் தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பல நகரங்களில் நடக்கும் சீடி சற்றர்டே விதைப் பரிமாற்றங்களில் இன்னும் மலிவாகக் கிடைக்கும்.

கேள்வி (ஏஜாக்ஸ்): எதை எப்போது விதைப்பது? பாகல், புடோல், வெண்டியையும் மார்ச்சிலேயே போடலாமா?

பதில்: போடக் கூடாது. விக்டோரியா நாள், அதாவது மே 25க்கு முந்திய திங்கட்கிழமை, நடுகை நாள் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாயும் கத்தரியும் எட்டு முதல் பத்து வாரம் முன்பு. தக்காளி ஆறு முதல் எட்டு வாரம் முன்பு. பாகல், புடோல், வெண்டி மூன்று அல்லது நான்கு வாரம் முன்பு மட்டும். கொடிகளின் வேர் குலைந்தால் செடி பின்தங்கும் என்பதால் செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த கூட்டில் விதைத்து, கூட்டோடு நட்டுவிடுங்கள். பாகல் விதையின் ஓட்டை நகவெட்டியால் ஓரத்தில் சிறிது நறுக்கி ஓர் இரவு ஊறவைத்தால் விரைவில் முளைக்கும். பெரிய சாடிக்கு மாற்ற வேண்டிய தக்காளி, கத்தரிக்கு ஒன்ராறியோவில் நாம் வாங்கும் பால் பைகளே போதும்: கழுவி, மேல்பக்கத்தை வெட்டி, அடியில் ஐந்தாறு துளையிட்டால் ஊரில் கன்று விற்கும் கறுப்புப் பைகளின் வேலையை அவை செய்யும்.

கேள்வி (பிரம்டன்): மே மாதம் வெயில் நன்றாக இருந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் வெளியே வைத்தேன். மாலையில் இலைகள் வெள்ளையாகிவிட்டன.

பதில்: விளக்கின் கீழ் வளர்ந்த இலைக்கு நேர்வெயிலும் காற்றும் தெரியாது. முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், மறுநாள் இரண்டு, பின் காலை வெயிலில் சிறிது என்று ஏழு முதல் பத்து நாள் எடுத்துப் பழக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் மரநிழலிலோ வேலியின் வடக்குப் பக்கத்திலோ வைத்துவிட்டுப் போகலாம். வெளுத்த இலைகளைக் கிள்ள வேண்டாம்; நடுக்குருத்து பச்சையாக இருந்தால் கன்று தேறிவிடும். இரவு வெப்பம் 12 பாகைக்குக் கீழே இறங்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால் கத்தரியையும் மிளகாயையும் உள்ளே எடுங்கள். நட்ட பின்னரும் ஜூன் முதல் வாரம் வரை ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கதவருகே மடித்து வைத்திருந்து, குளிரும் இரவுகளில் மாலையிலேயே கன்றுகள் மீது போர்த்தி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.