முருங்கைக்கு நேரடி ஆள் வந்தால் மண்டியை விடலாமா?

வணக்கம் ஐயா. ஒட்டன்சத்திரம் பக்கம் இருபது பேர் முருங்கை போடுகிறீர்கள், மண்டிக் கமிஷன் கட்டுப்படியாகவில்லை, ஒரு சூப்பர் மார்க்கெட் நேரடியாக எடுக்கிறேன் என்கிறது, மண்டியை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஒரேயடியாக விடாதீர்கள். அவர்கள் நேரான, ஒரே பருமனுள்ள காயை மட்டும் எடுப்பார்கள். வளைந்தது, முற்றியது, ஏற்றும்போது ஒடிந்தது எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். அதைத் தள்ள மண்டி வேண்டும். முதலில் பாதிக் காயைக் கொடுத்துப் பாருங்கள்.

நிலையான விலை பேசாதீர்கள். அன்றைய மண்டி விலைக்கு மேல் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் விலை சரியும்போது வாங்குபவர் நழுவுவார், ஏறும்போது நம் ஆட்களே மண்டிக்கு ஓடுவார்கள். எடை தோட்டத்திலேயே போட வேண்டும், கழிவும் உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். பணம் எத்தனை நாளில் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

அப்புறம், மண்டியில் முன்பணம் வாங்கியவர்கள் அதை முதலில் அடைக்கட்டும். கமிஷனை விட ஆளைக் கட்டிப்போடுவது அதுதான். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது, அதைக் கேட்டுப் பாருங்கள்.

விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பதிய 10 விவசாயிகள் போதும். ஆனால் இந்த நிறுவனங்களுக்கு உதவ 2020-ல் வந்த மத்திய அரசுத் திட்டம் சமவெளியில் 300 உறுப்பினர் கேட்டது. இருபது பேர் தனியாகப் பதிந்து கணக்கு, தணிக்கைச் செலவைச் சுமப்பதை விட, பக்கத்தில் நடக்கும் நிறுவனத்தில் சேர்வது நல்லது. வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். சேரும் முன் இரண்டு வருட வரவு செலவைக் காட்டச் சொல்லுங்கள்.