விசைப்பலகை மாறிய எழுத்தை மீட்பது: கேள்வி பதில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கல்யாண அட்டைகளுக்குத் தமிழ் தட்டுவதே என் பிழைப்பு. கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செந்தூலிலிருந்து: அண்ணே, தமிழ்99 விசைப்பலகை ஓடுகிறது என்று நினைத்து ஒரு பத்தி தட்டிவிட்டேன். திரையில் எல்லாம் ஆங்கில எழுத்து. மீட்க முடியுமா?

முடியும் தம்பி. ‘வணக்கம்’ தட்டியிருந்தால் வி, பி, எச், எச், கே, எஃப் என்று ஆறு எழுத்து கிடக்கும். ஒரு விசையும் தொலையவில்லை. தமிழ்99 விதி தெரிந்த எந்த மாற்றி மென்பொருளும் போதும். வேர்டு வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘ஆ’ வரவேண்டிய இடத்தில் ‘ஸ’ வந்து நிற்கும்.

பட்டர்வொர்த்திலிருந்து: எனக்கு நேர்மாறு, ஐயா. மலாய் முகவரி தட்டும்போது தமிழ் ஓடிக்கொண்டிருந்தது.

இதுதான் சிக்கலான பக்கம். மலாயில் சாலையைக் குறிக்கும் ‘ஜாலான்’ என்பதற்கு ஜே, ஏ, எல், ஏ, என் என்று ஐந்து விசை தட்டினாலும், சுருக்கமாக ஜே, எல், என் என்று மூன்றே தட்டினாலும், தமிழ்99 தருவது ‘பதல’தான். மெய்க்குப் பின்னால் வரும் அகரம் திரையில் தெரியாது. திரையில் உள்ளதைப் பார்த்துத் திருப்பும் மென்பொருளுக்கு அந்த இரண்டு ‘ஏ’ எங்கே போயின என்று தெரிய வழியே இல்லை. ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்றிருக்கும் ரஷ்ய மொழிக்கு இந்தத் தொல்லை கிடையாது. தவறான விசைப்பலகையில் தட்டியதைத் திருப்பித் தரும் புன்ட்டோ ஸ்விட்சர் என்ற மென்பொருள் அங்கே நன்றாக ஓடுவது அதனால்தான். நமக்கு வேண்டியது, தட்டிய விசைகளையே நினைவில் வைக்கும் மென்பொருள். வாங்குமுன் ‘ஜாலான்’ தட்டித் திருப்பிப் பாருங்கள். ஐந்தும் வந்தால் எடுங்கள். ஆனால் அது நீங்கள் தட்டுவதை எல்லாம் பார்க்கும். வங்கிப் பக்கம் திறக்குமுன் அணைத்துவிடுங்கள்.

கிள்ளானிலிருந்து: பழைய கோப்பு முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது. எழுத்துரு பாமினி.

அது விசைப்பலகைக் கோளாறு இல்லை, எழுத்துருக் குறியாக்கம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு பாமினி. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியைத் தேடுங்கள்.

ஜார்ஜ்டவுனிலிருந்து: எது சிறந்த மென்பொருள்?

எந்தக் கணினி, எந்தத் தட்டுமுறை என்று சொல்லுங்கள்.

ஈப்போ சாலையிலிருந்து: ஒலிப்படி ரோமன் எழுத்தில் தட்டும் அஞ்சல் முறைக்கு மாறினால் இந்த வம்பே இல்லையே, அண்ணே? தவறிப் போனாலும் ‘வணக்கம்’ என்று ரோமன் எழுத்தில் வாசிக்கலாமே.

நியாயமான பேச்சுதான். அந்த முறை உள்ள முரசு அஞ்சல் மென்பொருள் நம் நாட்டு முத்து நெடுமாறன் கொடுத்தது; அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனாலும் ‘வணக்கம்’ தட்ட அஞ்சலில் எட்டு விசை, ‘ண’வுக்கு ஷிஃப்ட் வேறு. தமிழ்99இல் ஆறு. நாள் முழுக்கத் தட்டுகிற விரல்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

அவரே மீண்டும்: எல்லாரும் நாள் முழுக்கவா தட்டுகிறார்கள்?

இல்லைதான். வாரம் ஒரு கடிதம் என்றால் அஞ்சலே போதும், ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதென்றால் தமிழ்99தான். ஆங்கில ஒலியை இடையில் வைத்துத் தமிழ் எழுதப் பழகக்கூடாது.

கெப்போங்கிலிருந்து: எது சிறந்த மென்பொருள்?

மேலே ‘ஜாலான்’ சோதனை இருக்கிறது. அதைச் செய்து பார்த்துவிட்டு வாருங்கள். வங்கிப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.