எட்டுப் பேர் பயணம், ஒரே ஒரு கிரெடிட் கார்டு

கேள்வி: நான் ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாதம் 92,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 24,000, எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது) 5,000. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. வரும் மே மாதம் சிங்கப்பூர் போய், செந்தோசா தீவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்கா பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். நாத்தனார் வீட்டிலும் நான்கு பேர் வருகிறார்கள். "அண்ணி, நீங்களே எல்லாருக்கும் சேர்த்துப் போட்டுடுங்க, வந்து கணக்குப் பார்த்துக்கலாம்" என்கிறார். ஐந்து நாள் பேக்கேஜுக்கு எட்டுப் பேருக்கும் சேர்த்து ஏஜென்ட் 6.2 லட்சம் கேட்கிறார். 12 மாத 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' உண்டாம். என் கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 1.38 லட்சம் பாக்கி. மினிமம் தொகையாக மாதம் 7,000 கட்டி வருகிறேன். மளிகை, பெட்ரோலுக்கும் அதே கார்டுதான், அதைத் தனியாகக் கட்டிவிடுவேன். பாக்கி எப்படி வந்தது என்ற விவரத்தை இணைத்துள்ளேன். 1.5 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, தொட மனமில்லை. இதெல்லாம் போக மாதம் 18,000 மிச்சம் பிடிக்க முடியும். இ.எம்.ஐ. நல்லதா, 13 சதவீத வட்டிக்கு வங்கி தரும் பயணக் கடன் நல்லதா? எஸ்.ஐ.பி.யை நிறுத்தலாமா? அதே ஏஜென்ட், முன்பணம் கட்டினால் வருடாவருடம் விடுதியில் தங்கலாம் என்று, 4.5 லட்சத்துக்கு 25 வருட ஹாலிடே கிளப் திட்டம் ஒன்றும் சொல்கிறார். சேரலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு வரவு செலவு எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. நேரே நீங்கள் இணைத்த விவரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

கொடைக்கானல் போனதில் நாத்தனார் பங்கு 35,000, திரும்பி வந்தது 10,000. அவர் வீட்டு ஃபிரிட்ஜ் 38,000, வந்தது 8,000. ஹைதராபாத் கல்யாணத்துக்கு அவர்கள் நான்கு பேருக்கும் விமான டிக்கெட் 32,000, வந்தது எதுவுமில்லை. கூட்டினால் 87,000. உங்கள் 1.38 லட்சம் பாக்கியில் 87,000 உங்கள் வீட்டுச் செலவே இல்லை. இதை நீங்களே வரிசையாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், கூட்டிப் பார்க்க மட்டும் மனம் வரவில்லை போலிருக்கிறது.

இ.எம்.ஐ.யா, வங்கிக் கடனா என்று கேட்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். நிறுத்த வேண்டியது "நீங்களே போட்டுடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற ஏற்பாட்டை. அதை நிறுத்தாமல் வட்டி 13 சதவீதமா, 15 சதவீதமா என்று ஆராய்வதில் பயனில்லை.

மாதம் 7,000 கட்டுவதால் கடன் குறைந்து வருவதாக நினைக்கிறீர்கள். பெரும்பாலான கார்டுகளில் மாத வட்டி 3.5 சதவீதம் அல்லது அதற்குச் சற்று மேல். 1.38 லட்சத்துக்கு 4,830 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 870 ரூபாய். ஆக 5,700 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போய்விடுகிறது, அசலில் கழிவது 1,300. இப்படியே ஒரு வருடம் கட்டினால் 84,000 ரூபாய் கொடுத்திருப்பீர்கள், கடன் குறைந்திருப்பது 20,000க்குள்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. மளிகை வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். "தனியாகக் கட்டிவிடுவேன்" என்கிறீர்கள், சரி, ஆனால் கட்டும் நாள்வரை வட்டி ஏறியிருக்கும். நாளை சிங்கப்பூர் டிக்கெட்டை அதே கார்டில் தேய்த்தாலும் இதே கதிதான்.

எஃப்.டி.யைத் தொட மனமில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. அது வருடத்துக்கு 7 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கார்டு வருடத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல் பிடுங்குகிறது. அண்டாவை நிரப்பி மூடி வைத்துவிட்டு குடம் குடமாகத் தண்ணீரை விலைக்கு வாங்குகிறீர்கள். முன்கூட்டியே உடைத்தால் வங்கி வட்டியில் ஒரு சதவீதம் அளவுக்குக் குறைப்பார்கள், உங்கள் தொகைக்கு ஏறக்குறைய 1,500 ரூபாய். கார்டில் ஒரு மாதத்துக்கே 5,700 போகிறது. எஃப்.டி.யை உடையுங்கள், கார்டை ஒரே தவணையில் தீருங்கள். எஸ்.ஐ.பி.யைத் தொட வேண்டாம், அதற்குத் தேவையே வராது.

இப்போது அந்த 'நோ காஸ்ட்' சமாச்சாரம். எந்த நிதி நிறுவனமும் வட்டியில்லாமல் பணம் தராது. ஏஜென்ட் விலையை ஏற்றிச் சொல்லி, வட்டியை அதற்குள் வைத்து, பிறகு தள்ளுபடி என்று காட்டுவார். "மொத்தமாகக் கையில் கொடுத்தால் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மையான விலை அப்போதுதான் வெளியே வரும். உள்ளே ஒளிந்திருக்கும் வட்டி 15 சதவீதம் என்றால் 6.2 லட்சத்தில் கிட்டத்தட்ட 48,000 வட்டிதான். அதற்கு ஜி.எஸ்.டி. 8,500 அளவில் தனியாக வரலாம், பிராசஸிங் கட்டணம் வேறு. இதையெல்லாம் விடுங்கள். தவணையே மாதம் 51,700. வீட்டுக் கடன் 24,000 சேர்த்தால் 75,700. மிச்சம் 16,300 ரூபாயில் நான்கு பேர் சாப்பிட்டு, பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டும். நாத்தனார் மாதாமாதம் பாதி தருவார் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. ஃபிரிட்ஜ் கணக்கு என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

வங்கியின் பயணக் கடனில் உங்கள் நால்வருக்கு மட்டும் 3.1 லட்சம் வாங்கினால்கூட, இரண்டு வருடத் தவணை மாதம் 14,700, வட்டி மட்டும் 44,000 அளவில். ஐந்து நாள் சுற்றிவிட்டு 24 மாதம் கட்டுவது என்ன கணக்கு?

எட்டுப் பேர் பேக்கேஜை உங்கள் பெயரில் போடுவதில் வருமான வரிச் சிக்கலும் உண்டு. வெளிநாட்டுப் பயணத்துக்காக ஒரு நிதியாண்டில் தனக்கோ பிறருக்கோ 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர், வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும், ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். 'பிறருக்கோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். மாதம் 92,000 வருமானக் குடும்பத்தில் ஒருவர் பெயரில் 6 லட்சம் ரூபாய் சுற்றுலா. என்றாவது கேள்வி வந்தால் பதில் சொல்லப் போவது நாத்தனார் அல்ல, நீங்கள். பேக்கேஜ் விலையோடு ஏஜென்ட் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டி.சி.எஸ். தொகையும் உங்கள் பான் எண்ணில்தான் ஏறும். ரிட்டர்னில் அதைக் கழித்துக்கொள்ளலாம், அதிகமிருந்தால் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை கைப்பணம் முடங்கும்.

சரி, பிள்ளைகளிடம் சொல்லிவிட்டீர்கள். போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த மே வேண்டாம், அடுத்த வருடம் ஏப்ரல் கடைசியில் பள்ளி விட்டதும் போங்கள். யுனிவர்சலில் 4 முதல் 12 வயது வரை குழந்தை டிக்கெட்தான், ஒரு வருடம் தள்ளிப் போவதால் இருவருக்கும் கட்டணப் பிரிவு மாறாது. "இப்போதே போட்டால்தான் இந்த ரேட்" என்று ஏஜென்ட் சொன்னால் சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.

பேக்கேஜ் இல்லாமல் நீங்களே போட்டால் உத்தேசமாக இப்படி வரும். சிங்கப்பூர் டாலரை 70 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கோவையிலிருந்து நேரடி விமானம் உண்டு. மூன்று நான்கு மாதம் முன்னால் எடுத்தால் தலைக்கு 20,000 வீதம் 80,000. விலை குறைந்த விமானங்களில் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் காசு, அதையும் சேர்த்துப் பாருங்கள். லிட்டில் இந்தியா பக்கம் நான்கு பேர் தங்கும் அறை நான்கு இரவுக்கு 48,000. விசா 10,000. யுனிவர்சல் டிக்கெட் பெரியவருக்கு 80 டாலர், குழந்தைக்கு 60 டாலர் அளவில், நால்வருக்கும் 20,000. மிருகக்காட்சி சாலை போல இன்னொரு இடத்துக்கு 15,000. சாப்பாடு, போக்குவரத்து நாளுக்கு 120 டாலர் வீதம் ஐந்து நாளுக்கு 42,000. மொத்தம் 2.15 லட்சம், கையிருப்போடு 2.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் உங்கள் நால்வருக்குச் சொன்னது 3.1 லட்சம்.

செந்தோசாவுக்குள்ளேயே ரிசார்ட்டில் தங்க வேண்டும் என்று பேக்கேஜ்காரர்கள் ஆசை காட்டுவார்கள். தேவையே இல்லை. லிட்டில் இந்தியாவிலிருந்து ஹார்பர்ஃபிரன்ட் வரை எம்.ஆர்.டி. ரயிலில் வண்டி மாறாமல் போகலாம். அங்கிருந்து நடைபாதை வழியாகக் கால்நடையாகவே தீவுக்குள் போய்விடலாம், நடக்க முடியாவிட்டால் மோனோரயில் இருக்கிறது. பூங்கா 20 ஹெக்டேர்தான், ஒரு முழு நாள் போதும். எக்ஸ்பிரஸ் பாஸ் என்று வரிசையைத் தாண்டிப் போகத் தனியாக விற்பார்கள், நுழைவுச் சீட்டு அதில் அடங்காது. உங்கள் மகளுக்கு அதை வாங்கவே வாங்காதீர்கள். மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122 சென்டிமீட்டர், பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அடுத்த வருடமும் அவள் அந்த உயரத்தைத் தொடமாட்டாள். அவளுக்கு 2025இல் திறந்த மினியன் லேண்ட் போதும். வார நாளில் கதவு திறக்கும்போதே போய் நின்றால் மகனுக்கும் பாஸ் தேவைப்படாது. மாலையில் கார்டன்ஸ் பை தி பே பக்கம் போனால் சூப்பர்ட்ரீ விளக்கு நிகழ்ச்சி இலவசம். அங்கே கடைகளில் கார்டு தேய்க்கும்போது ரூபாயா டாலரா என்று மெஷின் கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைப்பதுதான் மாற்று விகிதம்.

பணம் எங்கிருந்து வரும்? கார்டு தீர்ந்ததும் அந்த 7,000 கையில் நிற்கும், 18,000 சேர்த்தால் மாதம் 25,000. மார்ச் முதல் ஜூலை வரை ஐந்து மாதம், 1.25 லட்சம். இதை முதலில் பழையபடி அவசரத் தொகையாக எஃப்.டி.யில் போடுங்கள். ஆகஸ்ட் முதல் ஏப்ரல் வரை ஒன்பது மாதம், 2.25 லட்சம், இதுதான் சிங்கப்பூர். ஜனவரியில் டிக்கெட் எடுக்கும்போது ஒன்றரை லட்சம் சேர்ந்திருக்கும். வரிசையை மாற்றாதீர்கள்.

நாத்தனார் வரட்டும், தாராளமாக வரட்டும். அதே விமானத்தில், அதே ஓட்டலில் அவர்கள் டிக்கெட்டை அவர்கள் கார்டில் போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் விமான எண்ணையும் ஓட்டல் பெயரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். இதைப் பேச வேண்டியவர் உங்கள் கணவர், நீங்கள் அல்ல. அண்ணி சொன்னால் அது வேறு பேச்சாகும், அண்ணன் சொன்னால் ஒரு வாரம் முகம் சுளித்துவிட்டு அடங்கிவிடும். விளக்கமெல்லாம் வேண்டாம். "எங்க கார்டு லிமிட் முடிஞ்சிடுச்சு, இந்தத் தடவை அவங்கவங்க போட்டுக்கலாம்" என்றால் போதும், அதில் பொய்யும் பெரிதாக இல்லை. பழைய 87,000க்கு மாதம் 5,000 கொடுக்கச் சொல்லி ஒருமுறை கேட்கட்டும். வந்தால் எஃப்.டி.யில் சேருங்கள், ஆனால் அதை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள்.

ஹாலிடே கிளப். 4.5 லட்சத்தை 25 வருடத்தால் வகுத்து வருடம் 18,000தான் என்று சொல்லியிருப்பார். அந்த 4.5 லட்சம் 7 சதவீதத்தில் இருந்தால் வருடம் 31,500 வட்டி வரும், அதைச் சொல்லியிருக்கமாட்டார். இதற்கு மேல் வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம், அது ஏறிக்கொண்டே போகும். கேட்கும் தேதியில் கேட்கும் ஊரில் அறை கிடைக்குமா என்பது தனிக் கதை, அதுவும் பள்ளி விடுமுறையில். விமானத்துக்கும் சாப்பாட்டுக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறது, குடும்பத்தோடு விருந்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

கடைசியாக, கார்டை அடைக்கும்போது ஒரு விஷயம். இந்த மாத பில்லை முழுதாகக் கட்டிய பிறகும் அடுத்த பில்லில் சில ஆயிரம் வட்டி வரும். பில் போட்ட நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள்வரை ஓடிய வட்டி அது. தவறு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அதையும் முழுதாகக் கட்டினால்தான் வட்டியில்லாக் காலம் திரும்பக் கிடைக்கும். அதுவரை மளிகைக்கும் பெட்ரோலுக்கும் யு.பி.ஐ.யில் கொடுங்கள், அந்தக் கார்டை எடுக்கவே வேண்டாம்.