வீடியோ கேம்களை வைத்து எழுதப்பட்ட வரலாற்றுக் கற்பனை நாவல்கள் படிக்கத் தகுந்தவையா? கேம் ஆடாதவர் எதிலிருந்து தொடங்கலாம்?

படிக்கலாம், ஆனால் பொறுக்கிப் படிக்க வேண்டும். கேமில் நடந்ததை அப்படியே வரிசையாக ஒப்பிக்கும் நாவல்களை விட்டுவிடுங்கள். கேம் காட்டாமல் விட்ட பக்கத்தை எழுதிய நாவல்கள் சில இருக்கின்றன. அவை கேமையே தொடாதவரையும் கட்டிப்போடும்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது அசாசின்ஸ் கிரீட் வரிசைதான், அதை வைத்தே சொல்கிறேன். யுபிசாஃப்ட் நிறுவனத்தின் இந்த கேம் 2007இல் வந்தது. வரலாற்றில் ஒரு காலகட்டத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் அசாசின்கள், டெம்ப்ளர்கள் என்ற இரண்டு ரகசிய அமைப்புகளின் தீராப் பகையை நுழைப்பது அதன் வழி. 2009இலிருந்து அதையொட்டி நாவல்கள் வரத் தொடங்கின. தொடக்க கால நாவல்கள் ஆலிவர் பௌடன் என்ற புனைபெயரில் வந்தவை.

கேம் ஆடாதவர் 'ஃபார்சேக்கன்' (2012) நாவலைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் நடக்கும் மூன்றாம் பாகத்தை ஒட்டியது இது. அந்த கேமின் நாயகன் கானர், தாய்வழியில் மோஹாக் பழங்குடி. அவனுடைய ஆங்கிலேயத் தந்தை ஹேதம் கென்வே, டெம்ப்ளர்களின் தலைவர். கேமின் தொடக்கத்தில் சில மணி நேரம் ஹேதமாக நாம் ஆடுகிறோம். அதன்பிறகு அவர் எதிர்ப்பக்கத்து ஆள். கம்பீரமாக வருவார், நறுக்கென்று பேசுவார், போய்விடுவார். அவர் ஏன் அப்படி ஆனார் என்று கேட்டால் கேமில் பதில் கிடைக்காது.

நாவல் முழுவதும் அந்த ஹேதமின் நாட்குறிப்பு. 1735இல் லண்டனில், பெரிய வீட்டில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு பழக விடாமல் வளர்க்கப்படும் சிறுவனாகத் தொடங்குகிறார். பத்தாவது பிறந்தநாளை ஒட்டிய இரவில் வீடு தாக்கப்படுகிறது. தந்தை கொல்லப்படுகிறார், அக்கா ஜென்னி கடத்தப்படுகிறாள், அந்த வயதிலேயே ஹேதம் ஒருவனைக் கொல்கிறார். பிறகு அவரை ஆளாக்கியவர் யார், அந்தத் தாக்குதலை ஏவியவர் யார் என்பதுதான் நாவலின் முதுகெலும்பு. அதை இங்கே போட்டு உடைக்க மாட்டேன்.

என்னை அதிகம் உலுக்கியது ஜென்னியின் கதை. அடிமையாக விற்கப்பட்டு ஒட்டோமான் பேரரசின் அரண்மனைகளில் இளமையைத் தொலைத்த பெண் அவள். மீட்டுக்கொண்டு வரும் தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் பாத்திரமாக அவளை எழுதவில்லை. அவளுக்குக் கோபம் இருக்கிறது. அந்த வீட்டில் ஆண் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவை, தனக்கு மறைக்கப்பட்டவை எல்லாவற்றையும் அவள் மறக்கவில்லை. மூன்றாம் பாகத்து கேமில் அவளுக்கு இடமே இல்லை. நாவலின் முன்னுரை கானரின் குரலில் வருகிறது: தந்தையைத் தனக்குத் தெரியவே தெரியாது என்பதை அவன் இந்த நாட்குறிப்பைப் படித்த பிறகுதான் உணர்கிறான். அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தெரிந்து படிப்பவருக்கு அந்த முன்னுரையைத் தாண்டுவதே சிரமம்.

கையில் கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும்போது பாத்திரத்தின் உடம்பு நம் வசம் இருக்கும். ஓட வைக்கலாம், சுவர் ஏற வைக்கலாம், கொல்ல வைக்கலாம். அவன் தனக்குள் எதை அடக்கிக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் நம் கைக்குச் சிக்காது. இந்த நாவல்களுக்கு வேலை இருப்பது அங்கேதான்.

இரண்டாவதாக 'தி சீக்ரெட் குரூசேட்' (2011). மூன்றாம் சிலுவைப்போரின்போது, 1191இல், சிரியாவின் மஸ்யாஃப் கோட்டையைச் சேர்ந்த அல்தாயிரின் கதை. கேம் உலகில் இவன் வாழ்க்கை துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு பகுதி முதல் கேமில், இன்னொரு பகுதி கையடக்கக் கருவிக்கு வந்த 'பிளட்லைன்ஸ்' கேமில், முதுமை முழுக்க 'ரெவலேஷன்ஸ்' கேமில் வரும் நினைவுகளாக. எல்லாவற்றையும் சேர்த்து, சிறுவயதில் தொடங்கி கிழவனாகும் வரை ஒரே ஓட்டமாகச் சொல்வது இந்த நாவல் மட்டுமே. சிறுவன் அல்தாயிருக்கும் அவன் நண்பன் அப்பாஸுக்கும் இடையே முளைக்கும் பகை, பல பத்தாண்டுகள் கழித்து என்னவாக வெடிக்கிறது என்பதை இதில்தான் முழுசாக உணர முடியும்.

இதில் கதைசொல்லியாக நிக்கோலோ போலோவை வைத்திருக்கிறார்கள். மார்க்கோ போலோவின் அப்பா. தன் சகோதரர் மாஃபியோவுக்கு அவர் சொல்வதாகக் கதை நகர்கிறது. வெறும் அலங்காரத்துக்காகச் செய்த தேர்வு இல்லை இது. அசாசின்களின் தலைவரான 'மலைக்கிழவர்' இளைஞர்களுக்கு மருந்து கொடுத்து மயக்கி, சொர்க்கம் போன்ற தோட்டத்தில் கண்விழிக்க வைத்து, பிறகு கொலைக்கு அனுப்புவார் என்ற கதையை ஐரோப்பாவில் பரப்பியதில் மார்க்கோ போலோவின் பயண நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பிறந்தது 1254இல். பாரசீகத்தில் இருந்த அசாசின்களின் அலமூத் கோட்டை மங்கோலியர்களிடம் வீழ்ந்தது 1256இல். அவர் எதையும் நேரில் பார்த்திருக்க வழியில்லை. அந்தக் குடும்பத்தின் வாயிலாகவே அசாசின்களின் கதையைச் சொல்ல வைத்தது நல்ல யோசனை.

வரலாற்றை இந்த நாவல்களிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அசாசின்கள் என்று அழைக்கப்பட்டவர்கள் நிசாரி இஸ்மாயிலிகள், ஷியா இஸ்லாத்தின் ஒரு பிரிவினர். 1090இல் ஹசன் சபா அலமூத்தைக் கைப்பற்றியதிலிருந்து அவர்களின் கோட்டை அரசு தொடங்குகிறது. போதை மருந்து, தோட்டம் எல்லாம் அவர்களைப் பிடிக்காதவர்களும் வெளியாட்களும் கட்டிவிட்ட கதைகள் என்று ஃபர்ஹாத் தஃப்தரி போன்ற வரலாற்றாய்வாளர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஆகா கானைத் தலைவராகக் கொண்டு இன்றும் வாழும் சமூகம் அது. முதல் கேம் சிலுவைப்போர்ப் பிரபு வில்லியம் ஆஃப் மான்ட்ஃபெராட்டைக் கொல்ல வைக்கிறது. வரலாற்றில் 1192இல் டயர் நகரத் தெருவில் அவர்கள் கத்தியால் செத்தது அவருடைய மகன் கான்ராட்.

இங்கே ஒரு சுற்று இருக்கிறது. முதல் கேம், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா வரிசையில் அடுத்ததாகத் தொடங்கிய வேலையிலிருந்து பிரிந்து வளர்ந்தது. அதை உருவாக்கியவர்களுக்கு உந்துதலாக இருந்தது ஸ்லோவேனிய எழுத்தாளர் விளாதிமிர் பார்த்தோல் 1938இல் வெளியிட்ட 'அலமூத்' நாவல். ஆக நாவலிலிருந்து கேம், கேமிலிருந்து மறுபடி நாவல். பாசிசம் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு தலைவன் இளைஞர்களின் நம்பிக்கையை எப்படி ஆயுதமாக்குகிறான் என்று கேட்ட நாவல் அது. இந்த வரிசையில் எதைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் 'அலமூத்'தை விட்டுவிடாதீர்கள்.

இனி, பலரும் முதலில் கையிலெடுப்பதும் பாதியில் மூடி வைப்பதுமான 'ரெனைசான்ஸ்' (2009). இரண்டாம் கேமின் நாயகன் எட்சியோவின் கதை, ஃபுளோரன்ஸ், வெனிஸ், ரோம். எனக்கு கேம் உயிர். ஆனால் நாவல் ஏமாற்றம். போ, ஆளைக் கண்டுபிடி, கொல், திரும்பி வா, அடுத்தவன் யார் என்று கேள், மறுபடி போ. கேமில் அலுக்காத இந்தச் சுழற்சி எழுத்தில் சீக்கிரம் அலுத்துவிடுகிறது.

இத்தனைக்கும் கையில் கிடைத்த வரலாறு தங்கம். 1478 ஏப்ரல் 26, ஃபுளோரன்ஸ் தலைமைத் தேவாலயத்தில் பூசை நேரத்தில் பாட்சி குடும்பத்தின் ஆட்கள் நகரைக் கையில் வைத்திருந்த மெடிச்சி குடும்பத்துச் சகோதரர்கள் மேல் பாய்கிறார்கள். ஜூலியானோ அங்கேயே சாகிறார். லொரென்சோ கழுத்தில் காயத்தோடு தப்புகிறார். கொலைகாரர்களில் ஒருவனான பெர்னார்தோ பாரொன்செல்லி கான்ஸ்டாண்டிநோபிள் வரை ஓடுகிறான். அங்கே சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அவனைப் பிடித்து ஒப்படைக்கிறார். 1479 டிசம்பரில், துருக்கிய உடையிலேயே ஃபுளோரன்ஸில் தூக்கில் தொங்குகிறான். அந்தப் பிணத்தை லியனார்டோ டா வின்சி படமாக வரைந்து, உடுப்பின் நிறங்களைப் பக்கத்திலேயே குறித்து வைத்தார். அந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. கேமில் லியனார்டோ எட்சியோவின் உற்ற நண்பர்! நண்பனின் எதிரி தூக்கில் தொங்க, இவர் நின்று நிறங்களைக் குறித்துக்கொண்டிருக்கிறார். எப்படிப்பட்ட அத்தியாயமாக வந்திருக்க வேண்டியது! கேமிலோ பாரொன்செல்லி டஸ்கனியிலேயே எட்சியோவின் கத்தியால் சாகிறான்.

'ஒடிஸி' (2018) பற்றி ஒன்று மட்டும். கேமில் அலெக்ஸியோஸ், கசாண்ட்ரா என்ற உடன்பிறந்தவர்களில் நாயகன் நாயகி யார் என்பதை ஆடுபவர் முடிவு செய்யலாம். நாவலுக்கு அந்த வசதி இல்லை. கோர்டன் டோஹர்டி கசாண்ட்ராவை எடுத்துக்கொண்டார். சரியான முடிவு.

வைக்கிங் காலம் பிடிக்குமென்றால் மேத்யூ ஜே. கிர்பி எழுதிய 'கெய்ர்மண்ட்ஸ் சாகா' (2020) உங்களுக்கானது. 'வல்ஹாலா' கேமோடு வந்தாலும் அந்த கேமின் கதையை இது திருப்பிச் சொல்லவில்லை. நாயகன் கெய்ர்மண்ட், ஐஸ்லாந்தில் மக்கள் குடியேறிய வரலாற்றைச் சொல்லும் பழைய நூல்களில் வருபவன். நார்வேயின் சிற்றரசன் ஒருவனுக்கு இரட்டையராகப் பிறந்தவர்களில் ஒருவன். பிள்ளைகள் கருநிறமாக இருந்ததால் தாயே அவர்களை ஓர் அடிமையின் வெளுத்த பிள்ளைக்கு மாற்றிக் கொடுத்தாள், பிறகு உண்மை தெரிந்து திரும்பப் பெற்றாள் என்பது பழங்கதை. தாய் தள்ளிவைத்த பிள்ளை என்ற அந்த வடுவோடு அவன் டேனியத் தலைவன் குத்ரமின் படையில் சேர்ந்து இங்கிலாந்துக்குப் போகிறான். கேமின் மாயப்பொருள் ஒரு கைக்காப்பாக உள்ளே வருகிறது, ஆனால் கதையை இழுத்துப்போவது அது அல்ல. டெம்ப்ளர், அசாசின் என்ற பெயர்களே தெரியாத என் தம்பிக்கு இதைக் கொடுத்தேன். எங்கும் நிறுத்தி விளக்கம் கேட்காமல் முடித்தான். 'ஃபார்சேக்கன்' துயரம் அதிகம் என்று தோன்றினால் இதிலிருந்தே தொடங்குங்கள்.