வாங்கிய புத்தகம் யாருடையது?

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய மின்னூல்கள், போன் கெட்டதும் திறக்கவில்லை. புனலூரில் இருக்கும் அக்காவுக்கும் அனுப்ப முடியவில்லை. நகலெடுக்க விடாத மென்பொருள் பூட்டை உடைத்தால் குற்றமா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: உங்கள் கோபம் நியாயம், சகோதரி. எங்கள் வீட்டுக் கேசட் ஆரியங்காவு தாண்டி அத்தை வீட்டுக்குப் போகும். நாடா சுருண்டு திரும்பி வரும், பென்சில் விட்டுச் சுற்றுவோம். யாரும் தடுத்ததில்லை. இப்போது பெரும்பாலும் படிக்கும் உரிமத்தை மட்டுமே விற்கிறார்கள். 2009இல் அமேசான், விற்ற சில நூல்களையே கிண்டில் என்னும் தன் மின்னூல் கருவியிலிருந்து அழித்தது.

சரி, சட்டம்? இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின்படி, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை. சட்டம் தடுக்காத காரியத்துக்கு விலக்கு உண்டு. சொந்த வாசிப்பு அதில் அடங்கும் என்பதே என் கருத்து. அக்காவுக்குப் பிரதி அனுப்புவது வேறு விஷயம், வேண்டாம். முதலில் புதுப் போனில் பழைய கணக்கிலேயே நுழைந்து பாருங்கள். அடுத்த முறை, பூட்டில்லாத கோப்பு தருவார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.