100 ஆண்டு வெள்ள வரைபடத்தில் வரும் எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது?

வணக்கம். 100 ஆண்டு வெள்ள வரைபடத்தை (எந்த ஓர் ஆண்டிலும் வர 1% வாய்ப்புள்ள வெள்ளம் எங்கெல்லாம் பரவும் என்று காட்டுவது) 1 கி.மீ. மக்கள்தொகைக் கட்டங்களின் மேல் வைத்துக் கூட்டினால், நாட்டில் மூன்றில் ஒருவர் ஆபத்தில் இருப்பதாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணை அப்படியே அறிக்கையில் போட்டுவிடாதீர்கள்.

முதல் சந்தேகம் கட்டத்தின் மேல்தான். அவ்வளவு பெரிய கட்டத்தில் ஆற்றின் நடுவிலும் ஆள் குடியிருப்பதாகக் கணக்கு ஏறும். கட்டடங்களை வைத்துப் பிரித்த 100 மீட்டர் தரவுக்கு மாறுங்கள். நிரந்தர நீர்ப்பரப்பைக் கழித்துவிட்டு, 15 செ.மீ. போல ஓர் ஆழ வரம்பும் வைத்து, அதற்கு மேல் நீர் நிற்கும் இடங்களை மட்டும் எண்ணுங்கள். வெள்ளத் தடுப்புக் கரைகளை வரைபடம் கணக்கில் எடுத்ததா என்றும் பாருங்கள். பல உலகளாவிய வெள்ளக் கணினி மாதிரிகள் எடுப்பதில்லை.

இன்னொன்று, அந்த வரைபடம் ஒரே வெள்ளத்தின் படம் அல்ல. எல்லா ஆறுகளும் ஒரே ஆண்டில் அந்த அளவைத் தொடாது. அதனால் ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று கணக்கிடுங்கள். உதாரணமாக, 10 ஆண்டு வெள்ளத்தில் 2 லட்சம் பேர், 100 ஆண்டு வெள்ளத்தில் 10 லட்சம் பேர் என்றால், இரண்டின் சராசரி 6 லட்சம்; அவை ஓர் ஆண்டில் வரும் வாய்ப்புகளின் வித்தியாசம் 0.10 − 0.01 = 0.09. பெருக்கினால் ஆண்டுக்கு 54,000 பேர். அதைவிட அரிய வெள்ளங்களுக்குக் குறைந்தது 0.01 × 10 லட்சம் = 10,000 சேரும். இரண்டே புள்ளிகள் போதாது. 20, 50, 500 ஆண்டு வரைபடங்களையும் சேருங்கள்.

கடலோரத்தில் தவறு எதிர்த்திசையில் போகும், அதுதான் கவலைக்குரியது. எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு (விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் அளந்தது) மர உச்சியையும் கூரையையும் தரையாக எடுத்துக்கொள்வதால் தாழ்வான இடம் மேடாகத் தெரியும்; ஆபத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை குறைந்துவிடும். மரம், கட்டட உயரம் நீக்கிய தரவையே பயன்படுத்துங்கள்.

2050க்கான கணக்கில் மக்கள் பெருக்கத்தையும் மழை மாற்றத்தையும் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள். சேர்த்து ஓட்டினால் எது எவ்வளவு கூட்டியது என்று பிரிக்க முடியாது.