84 ரூபாய் காட்டிய பங்கு 86.47-க்குக் கிடைத்தது ஏன்?

84 ரூபாய் காட்டிய பங்கில் 200-ஐ மார்க்கெட் ஆர்டர் போட்டு வாங்கினேன், சராசரி விலை 86.47 ஆகிவிட்டது, புரோக்கர் ஏமாற்றிவிட்டாரோ என்று கேட்டிருந்தீர்கள், நண்பரே. இல்லை. திரையில் தெரிந்த 84 ரூபாய் கடைசியாக யாரோ யாருக்கோ விற்ற விலை. அதே விலைக்கு உங்களுக்கும் 200 பங்கு தர ஆள் இருக்க வேண்டுமே!

புரோக்கரின் ஆப்பில் அந்தப் பங்கைத் தட்டி ‘மார்க்கெட் டெப்த்’ பாருங்கள். ஒரு பக்கம் வாங்குவோர், மறுபக்கம் விற்போர், ஐந்தைந்து விலைகள். நீங்கள் போட்டிருந்த ட்ரேட் புக்கிலேயே (எந்த விலைக்கு எத்தனை பங்கு வாங்கினீர்கள் என்ற பட்டியல்) 84.10-க்கு 40, 85.50-க்கு 60, 88-க்கு 100 என்று இருக்கிறது. மார்க்கெட் ஆர்டர் என்றால் ‘என்ன விலையானாலும் சரி, கொடு’ என்று அர்த்தம். மலிவானது தீரத் தீர அடுத்த விலைக்கு ஏறும். ரிலையன்ஸ் மாதிரிப் பங்கில் இது பைசாக் கணக்கோடு போய்விடும். சின்னக் கம்பெனியில், அதுவும் 9:15-க்குச் சந்தை திறந்த கையோடு, இப்படித்தான் கடிக்கும்.

இனி லிமிட் ஆர்டர் போடுங்கள். 84.50 என்று கொடுத்தால் அதற்கு மேல் ஒரு பைசா போகாது. பங்கு கிடைக்காமலும் போகலாம். சந்தை மூடியதும் ஆர்டர் தானாக ரத்தாகிவிடும், அவ்வளவுதான்.

பதற்றத்தில் மார்க்கெட் ஆர்டரிலேயே விற்றுவிடாதீர்கள். இறங்கும்போதும் அதே படிகள்தான். டெலிவரி (அன்றே விற்காமல் பங்கைக் கையில் வைத்துக்கொள்வது) என்றால் வாங்க 0.1%, விற்க 0.1% என எஸ்.டி.டி. என்கிற பங்குப் பரிவர்த்தனை வரி வேறு.